ஆர்க்கிட்டும் பெரியவரின் ஜன்னலும்

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கை உடைந்து அலறிக்கொண்டு வருபவனைக்கூட, "கொஞ்சம் இப்படித் திருப்புங்க... ஆச்சு, முடிஞ்சுபோச்சு" என்று தேன் தடவிய குரலில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். அந்தக் குரலைக் கேட்டவர்கள் இந்த அம்மாவுக்குக் கோபமே வராது என்று நினைத்தார்கள். கோபம் வந்துகொண்டுதான் இருந்தது. அதை இறக்கிவைக்கத்தான் வீட்டில் இடமில்லை.

வீட்டில் எல்லா இடமும் பெரியவருடையது. பெரியவர் என்றால் கணவனின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒரு தொழிற்சாலையில் சாமான் கிடங்குக்கு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்க வேண்டும், இப்போது வெளியூர் ஹாஸ்டலில் இருக்கும் அவள் மகன் என்ன படிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். யாராவது முகம் சுளித்தால், "இந்த வீடு கட்டும்போது மேஸ்திரியோட வெயில்ல நின்னவன் நான்" என்பார். வெயிலில் நின்றதற்குக் கூலியாகக் கிழக்குப் பார்த்த அறையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பூக்கடை வாசலில் அந்த ஆர்க்கிட்டைப் பார்த்தாள். வளைந்த தண்டில் வரிசையாக வெள்ளைப் பூக்கள். வாங்கிவிட்டாள். யாரையும் கேட்காமல் அந்த வீட்டுக்குள் அவள் கொண்டுவந்த முதல் பொருள் அதுதான்.

கொஞ்ச நாளில் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தண்டும் காய்ந்தது. அதன் பிறகு இலை மட்டும் வந்தது, மறுபடி இலை, அதற்கு மேலும் இலை.

"என்னம்மா, கீரை நல்லா தழைஞ்சிருக்கு, எப்ப சமைக்கப்போற?" என்று பெரியவர் கேட்டார். கணவன் சிரித்தான். பெரியவர் கேட்டதைவிட இவன் சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

இலைகள் கரும்பச்சையாகித் தொங்கிக் கிடந்தன. வெளிச்சம் போதாமல்தான் அப்படி ஆகிறது என்பதைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டாள். தொட்டி இருந்த சமையலறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். வீட்டிலேயே காலை வெயில் விழுவது ஒரே ஜன்னலில்தான்.

"அத்தான், இந்தத் தொட்டியை உங்க ரூம் ஜன்னல்ல வச்சுக்கட்டுமா? காலை வெயில் அங்கதான் வருது."

பெரியவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திரையை விலக்கினா டிவியில ஒண்ணும் தெரியாதும்மா. கண்ணு கூசும்."

"பாதி விலக்கினா போதும், அத்தான்."

"இன்னிக்குப் பாதிம்பே, நாளைக்கு முழுசாம்பே."

ராத்திரி கணவனிடம் சொன்னபோது, "ஒரு செடிக்காக அண்ணன்கிட்ட மல்லுக்கு நிக்கணுமா? விடேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்குத் தாராளமாகக் கொடுத்துவந்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

அவள் விடவில்லை. சமையலறையிலேயே முடிந்ததைச் செய்தாள். ஆர்க்கிட் மண்ணில் வளர்வதில்லை. மரப்பட்டைத் துண்டுகளுக்கு நடுவே வேரை ஓட்டிக்கொண்டு காற்றில் வாழ்கிறது. அதற்கு விருந்து ஆகாது. உர டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கைத் தண்ணீரில் கரைப்பாள். முதலில் வெறும் தண்ணீர் விட்டு, வெளுத்திருந்த வேர் பச்சையானதும்தான் உரத் தண்ணீர். அவ்வப்போது வெறும் தண்ணீரையே நிறைய ஊற்றி, பட்டையில் தங்கிய உப்பைக் கழுவிவிடுவாள்.

ஒரு தடவை வாரம் முழுக்க இரட்டை ஷிப்ட் பார்த்ததில் செடிப் பக்கமே போக முடியாமல், கடைசி நாள் வீடு திரும்பினாள். அண்ணனும் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கை கழுவப் போனவள் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். பட்டைத் துண்டுகள் மேல் நீலத் தூள் அப்பியிருந்தது. இலை நுனிகள் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தன. வேரைத் தொட்டாள், தோல் கையோடு வந்தது.

"இதுல யாரு உரம் போட்டது?"

"நான்தான்" என்றார் பெரியவர், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு. "பாவம், பட்டினி போட்டு வச்சிருக்கியே. போன வாரமே ரெண்டு கரண்டி போட்டேன், இன்னிக்கும் போட்டேன். இனிமே பாரு, எப்படிப் பூக்குதுன்னு."

"காஞ்ச வேர் மேல அப்படியே கொட்டினீங்களா?"

"உரம்னா கொட்டத்தானே செய்வாங்க?"

"வெந்துபோச்சு, அத்தான். வேர் மொத்தமும் வெந்துபோச்சு."

"ஒரு செடிக்குப் போய் இவ்வளவு பேச்சா?"

அவளுடைய குரல் உயரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் குரல் அதில் ஒரு துளியும் இல்லை. "ஆமா, ஒரு செடிதான். என் அடுப்புல கை வச்சீங்க, பேசாம இருந்தேன். என் பையன் என்ன படிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணீங்க. அவன் ஒவ்வொரு பரீட்சைக்கும் அழுதுகிட்டே போனான். அப்பவும் பேசாம இருந்தேன். இந்த வீட்டுல நான் மூக்கைச் சிந்துறதுக்குக்கூட நீங்க ஒரு முறை வச்சிருக்கீங்க. ஒரு ஜன்னல் கேட்டேன், குடுக்கல. குடுக்காதவருக்கு டப்பாவைத் தொட என்ன வேலை?"

கணவன் வாயைத் திறந்தான்.

"விடேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவன் மூடிக்கொண்டான். பெரியவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். சாப்பாடு பாதி மிச்சம் இருந்தது. அவளுக்குப் பரிதாபமே வரவில்லை.

அன்றே பட்டையை எல்லாம் கொட்டிவிட்டு, கத்தரியைத் தீயில் காட்டி அழுகிய வேர்களை வெட்டினாள். மிஞ்சியவை மூன்றோ நான்கோ. மறுநாள் செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எக்ஸ்ரே அறையை ஒட்டி, டாக்டரம்மா படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் சின்ன அறை இருந்தது. அதற்குக் கிழக்கு ஜன்னல்.

"தாராளமா வையுங்க. கம்ப்யூட்டர் மேல தண்ணி மட்டும் சிந்த வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. கேட்டவுடன் கிடைத்துவிட்டதும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இவ்வளவு லேசான காரியத்துக்கா வீட்டில் அத்தனை பாடு?

புது வேர் விடும்வரை உரத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. விட்ட பிறகும் கரைசலை ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்துதான் ஊற்றினாள். பெரியவரை நினைத்துக்கொண்டால் கோபத்தில் கை அதிகமாகச் சாய்த்துவிடும், அதற்குத்தான் சிரிஞ்ச். அந்த அறையில் பகலில் வெயில் விழும். சாயங்காலம் ஆனதும் மெஷின்களுக்காக ஓடும் ஏசியில் குளிர் ஏறும். ஆர்க்கிட் பூக்க அந்த ராக்குளிர் வேண்டும். இலைகள் வெளிர்பச்சைக்குத் திரும்பின. அடுத்த வருஷம் ஒரு நாள், இலைக்கு அடியிலிருந்து விரல் நுனிபோல் ஒன்று எட்டிப்பார்த்தது. வேர் என்றுதான் முதலில் நினைத்தாள். வேர் என்றால் கீழே இறங்கியிருக்கும். இது வெளிச்சத்தைப் பார்த்து ஏறியது. தண்டு நீண்டு, மொட்டு வைத்து, பூத்தது.

வீட்டில் அவள் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பூத்திருந்த சமயத்தில்தான் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வீங்கிய மணிக்கட்டோடு அவரைத் தம்பி ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தான். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. பெரியவர் வலியிலும் எட்டிப்பார்த்தார்.

"அட, நம்ம செடி. பாத்தியாடா, நான் போட்ட உரம் இப்பத்தான் வேலை செஞ்சிருக்கு."

அவள் அவரை எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிப்போனாள். அவருடைய கையை மெதுவாக மேஜைமேல் வைத்து நேராக்கினாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது."

பெரியவர் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் தடுப்புக்குப் பின்னால் போய்ப் படத்தை எடுத்துவிட்டு, முகம் சிவக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "விடுங்க" என்றாள்.

தடுப்புக்குப் பின்னால் இருந்த உதவிப் பெண் கிசுகிசுத்தாள். "அக்கா, கையைப் படம் எடுக்க எதுக்கு மூச்சைப் பிடிக்கணும்?"

"வாய் சும்மா இருந்தா படம் நல்லா விழும்."

எலும்பில் கீறல். கட்டுப் போட பெரியவரை உள்ளே கொண்டுபோனார்கள். கணவன் செடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இவ்வளவு அழகா இருக்கே. வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்கலாமே."

"எந்த ஜன்னல்ல வைக்கட்டும்?"

அவன் பூவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஷிப்ட் முடிந்து வந்தபோது, டிவி கூடத்துக்கு வந்திருந்தது. பெரியவர் கட்டுக் கையோடு தன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலையில் பெரிய ரகளை நடந்திருக்க வேண்டும். கணவனின் கண்கள் சிவந்திருந்தன. கிழக்கு ஜன்னலின் திரையை மொத்தமாகக் கழற்றிவிட்டு, அதன் பக்கத்தில் நின்றிருந்தான்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்" என்றான். "இனிமே எதையும் தொட மாட்டார். உன்கிட்ட பேசவும் மாட்டாராம்."

"அது நல்லதாப்போச்சு. இதைச் செய்ய உங்களுக்கு இத்தனை வருஷமா?"

அவன் கழற்றிய திரையை மடிக்கத் தொடங்கினான். அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் இளகி, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத் துணியோடு வந்து ஜன்னல் கம்பிகளில் படிந்திருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.