பந்தய வண்டிக்கு ஒரு சர்வீஸ்

என்னைப் பார்த்த பத்து நிமிடத்துக்குள் யாராயிருந்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எப்படிம்மா ஆச்சு?" காலைப் பற்றித்தான். பதினைந்து வருடமாகச் சக்கர நாற்காலிப் பந்தயத்தில் இருக்கிறேன், நாட்டுக்காக மூன்று முறை ஓடியாகிவிட்டது. இருந்தும் ஷேர் ஆட்டோவில் ஏறினால் பேச்சு காலுக்குத்தான் போகும். எரிச்சலில் ஆளுக்கொரு கதை சொல்லிவிடுவேன். படப்பைப் பக்கம் ஓர் அம்மாள் என்னை முதலை கடித்ததாக இன்னும் நம்பிக்கொண்டிருப்பார்.

முடிச்சூர் சாலையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் பாய் மட்டும் அதைக் கேட்கவில்லை. என் பந்தய வண்டியின் முன்சக்கரத்தில் கரகரவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. இரண்டு பட்டறைகளில் "இம்போர்ட் ஐட்டம், நாங்க தொடமாட்டோம்" என்று கைகழுவிவிட்டார்கள். பாய் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"இன்னா சிஸ்டர், மூணு வீலு கீது, ஹேண்டில்பாரே இல்லியே. வளைவுல எப்டி திரும்பும்?"

எனக்கு வாயெல்லாம் பல். முன்னால் இருக்கும் சின்ன லீவரை ஒரு தட்டுத் தட்டினால் முன்சக்கரம் வளைவுக்கு ஏற்றபடி திரும்பி நிற்கும், நேர்ப்பாதை வந்ததும் இன்னொரு தட்டு என்று காட்டினேன். பிரேக் எங்கே, எடை என்ன, காலை எங்கே வைப்பாய் என்று கேட்டுக்கொண்டே போனார். காலை மடித்து அடியில் வைத்து, மண்டி போட்டமாதிரி குனிந்து உட்காரவேண்டும் என்றேன். "அப்போ எதிர்க்காத்து இடிக்காது, கரெக்டு" என்று அவரே தலையாட்டிக்கொண்டார். பெரிய சக்கரங்களின் வெளிப்பக்கம் இருக்கும் ரப்பர் சுற்றிய வளையத்தைக் கையுறையால் அடித்துத்தான் வண்டியை ஓட்டவேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. பேச்சு சுவாரசியத்தில் விட்டுப்போயிற்று.

மறுநாள் மாலை வண்டி தயார். அதற்கடுத்த நாள் காலையில் தேர்வு ஓட்டம். தோள்பட்டைக் காயத்தால் இரண்டு வருடம் வீட்டோடு கிடந்தவள் நான். தகுதி நேரத்துக்குள் முடித்தால் வெளிநாட்டுப் போட்டிக்கான அணியில் இடம். இல்லையென்றால் என் வயதுக்கு இனிமேல் கூப்பிட மாட்டார்கள். பட்டறைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். முன்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், சத்தம் போயிருந்தது. உறை போட்டு மூடி, வாடகை வேனில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

காலையில் மைதானத்தில் உறையை எடுத்தால் வண்டி பளபளவென்று மின்னுகிறது. நம் ஊரில் சர்வீஸ் முடிந்த வண்டியை ஆயில் துணியால் துடைத்து மினுக்கித்தானே கொடுப்பார்கள். பாயும் ஆசை ஆசையாகத் துடைத்திருந்தார், நான் அடிக்கவேண்டிய ரப்பர் வளையங்களையும் சேர்த்து. டவலால் தேய்த்தேன், மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். ரப்பர் ஆயிலைக் குடித்துவிட்டிருந்தது. புது ரப்பர் ஒட்டிக் காயவைக்க அரை நாளாவது வேண்டும், எனக்கு இருந்ததோ அரை மணி நேரம். முதல் அடியே வழுக்கியது. வளைவில் இரண்டு கையும் மாறி மாறி வழுக்கின. கடைசியாகத்தான் வந்தேன், தகுதி நேரமும் தாண்டிப்போயிருந்தது.

நேராகப் பட்டறைக்குப் போனேன், சண்டை போடத்தான். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"தப்புதான் சிஸ்டர். அது கை படுற எடம்னு எனக்குத் தெரியாம பூட்ச்சு." வளையத்தை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணு மட்டும் புரியல. சர்வீஸ் வுட்ட வண்டிய எல்லாரும் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுத்துகினு போவாங்க. நீ ஏன் ஒரு ரவுண்டு போவல?"

"நேரமில்ல பாய்."

"வேன் வர்ற வரைக்கும் அரை மணி நேரம் இங்கதான இருந்த?"

கல்லூரி கல்லூரியாகப் போய் மைக் பிடிப்பவள் நான். உடம்பை மறைக்காதீர்கள், வெளியே வாருங்கள், பார்க்கிறவர்கள் பார்த்துப் பழகட்டும் என்று பேசிக் கைதட்டல் வாங்குபவள். சக்கர நாற்காலிக்கென்று சரிவுப்பாதை கட்டி அதன் வாயிலேயே பூந்தொட்டி வைத்திருந்த ஓர் இடத்தில், தொட்டியை எடுக்கும்வரை வெயிலில் உட்கார்ந்தவள். அப்பேர்ப்பட்டவளுக்கு முந்தின நாள் மாலை பஸ் ஸ்டாப் கூட்டத்துக்கு எதிரே, சூம்பிய கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி மடித்து அந்த வண்டிக்குள் திணிக்கக் கூச்சமாக இருந்தது. மைதானத்தில் முடியும், முடிச்சூர் சாலையில் முடியாது. இதை நான் எனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"எல்லாரும் பாப்பாங்க பாய்."

அவர் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வண்டி எப்படித் திரும்பும் என்று கேட்ட அதே முகத்தோடு, "உனக்குமா சிஸ்டர் கூச்சம்?" என்று கேட்டார்.

"எனக்கும்தான்" என்றேன். மைதானத்தில் வராத அழுகை அங்கே, எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேர் பார்க்க வந்தது.