விறாந்தையில் படுக்கலாம்

போர்நிறுத்தத்தில் வன்னிக்குப் போகும் ஏ-ஒன்பது வீதி திறந்திருந்த காலம். வவுனியாவில் குடும்ப வழக்குகள் பார்க்கும் ஒரு பெண் சட்டத்தரணியிடம் நான் ஜூனியராக இருந்தேன். கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்தபடி அவர் பின்னால் நடப்பதும், கட்சிக்காரர் அழுது முடியும்வரை பக்கத்தில் இருப்பதும்தான் பெரும்பாலும் என் வேலை. நீதிமன்றத்துக்கு எதிர்க்கடைப் பிளேன்ரீயின் இஞ்சிக் காரம் இப்போதும் நாக்கில் இருக்கிறது.

ஒருநாள் சீனியர் ஒரு விவாகரத்து வழக்கைத் தந்து, தகப்பன் மகளைப் பார்ப்பதற்கான ஒழுங்கை எழுதச் சொன்னார். மனைவி எங்கள் கட்சி. மகளோடு வவுனியாவில் தமக்கை வீட்டில் இருந்தார். கணவர் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அப்பால், வன்னிக்குள் ஜெயபுரத்தில் வயல் செய்தார். வீதி மூடியிருந்த வருடங்களில் ஆளுக்கொரு பக்கம் அகப்பட்டவர்கள். மறுபடி சேர்ந்தபோது பேச எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் காலை முதல் மாலைவரை என்று எழுதி, நீதிமன்ற விறாந்தையில் வைத்து இருவருக்கும் வாசித்தேன்.

கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பிள்ளை, விடிய வெளிக்கிட்டாலும் ஓமந்தைச் செக்கிங் தாண்டி வர மத்தியானம் ஆகும். பாதை பூட்டமுதல் திரும்பவும் வேணும். பிறகு எப்ப நான் அவளைப் பாக்கிறது?"

அதுவரை அவர் பக்கம் திரும்பாத மனைவி என்னிடம் சொன்னார்: "நிண்டிட்டு ஞாயிறு போகட்டும். அக்கா வீட்டு விறாந்தையில படுக்கலாம். அதையும் எழுதுங்கோ."

"படுக்கிறதையும் எழுதிறதோ?" என்று கேட்டேன்.

"ஓம். பிறகு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கக் கூடாது."

சீனியர் அந்த வரியை வெட்டப் பேனையை எடுத்தார். பிறகு விட்டுவிட்டார். நீதிபதி வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"விவாகரத்துக் கேட்டது நீங்கள்தானே அம்மா?"

"ஓம் ஐயா. எனக்கு அவரோட சரிவராது. பிள்ளைக்கு அவர் வேணும்."

விவாகரத்துக் கிடைத்தது. ஒரு ஞாயிறு காலை அந்தத் தமக்கை வீட்டைக் கடந்து சைக்கிளில் போனேன். தகப்பன் விறாந்தையில் இருந்து மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். குசினி வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "வகிடு கோணுது." அவர் அவிழ்த்துத் திரும்பவும் தொடங்கினார். இவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று அன்று ஆசைப்பட்டேன். சேரவில்லை. போர் திரும்பத் தொடங்கி வீதி மறுபடி மூடியதும் அவர் வருவதும் நின்றது.

போர் முடிந்த வருடம் அந்த மனைவி அலுவலகத்துக்கு வந்தார். வழக்கு ஏதும் இல்லை. சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

"ஆள் உயிரோட வந்திட்டார் பிள்ளை. செட்டிகுளம் முகாமில அடைச்சு வச்சிருக்கினம். மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பிக்கு இங்கால நிண்டு பாத்தனாங்கள். நல்லாக் காய்ஞ்சு போனார். இவள் இப்ப அவற்ர தோளுக்கு வந்திட்டாள்."