ஒரே கோட்டு, மூன்று மாப்பிள்ளைகள்

போட்டோ பிடிக்கிறவன் தொழில், வருகிறவன் எப்படி இருக்கிறானோ அப்படியே காட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது. ஐம்பதுகளில் ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். "தாடையைத் தூக்குங்க, அசையாதீங்க" என்று அதட்டல் வாங்கிக் கழுத்து சுளுக்கிக்கொண்ட அன்பர்களே, அதட்டியவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பொதுக் கோட்டு

மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய சாம்பல் நிறக் கோட்டு ஒன்று ஸ்டூடியோ ஆணியில் தொங்கும். எந்த வெள்ளைக்காரனுடையதோ, உள்ளே இரண்டு ஆள் குடியிருக்கலாம். மார்புப் பையில் மசிக்கறை வேறு. ஆனாலும் பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வருகிற எவனும் அதைப் போடாமல் உட்கார்ந்ததில்லை. முதுகுப் பக்கம் மடித்து ஊக்குக் குத்திவிடுவேன். முன்னால் பார்த்தால் கலெக்டர், பின்னால் முள்ளம்பன்றி.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் முனுசாமியிடம், "மூச்சை அடக்கு" என்றேன். படத்தை எடுத்துவிட்டு, அவனை மறந்து இருட்டறைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தால், கண் பிதுங்க அப்படியே உட்கார்ந்திருக்கிறான். உதடு அசையாமல் கேட்டான்:

"இப்ப மூச்சு வுட்டா படம் கலைஞ்சிடாதே மாமு?"

அழகான அண்ணாச்சி

தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி, முகத்தைக் கொஞ்சம் சரிபண்ணித் தரச் சொன்னார். பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு நெகட்டிவின் மேல் கவிழ்ந்தேன். அம்மைத் தழும்பு போயிற்று. மூக்கின் மேல் இருந்த மரு போயிற்று. இரட்டைத் தாடை ஒற்றையாயிற்று. எனக்கே பெருமை தாங்கவில்லை.

படம் வாங்க அவர் சம்சாரம் வந்தார். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்நிய ஆண்பிள்ளை எதிரே நிற்பதுபோல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இவிய ஆரு தம்பி? நல்லாத்தான் இருக்காவ. எங்க வீட்டுக்காரவிய படத்தை எடுத்துக் குடுங்க."

சுருட்டிய வீடு

இதற்கிடையில் எனக்கும் பெண் தேடினார்கள். ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? அதே கோட்டைப் போட்டு, அதே பென்சிலால் தேய்த்து ஒரு படம் எடுத்தேன். அம்மா அதைத் தரகரிடம் கொடுத்தாள்.

ஒருநாள் காலடிப்பேட்டைப் பெரியவர் ஒருவர் மகளோடு வந்து, தரகர் தந்த மூன்று படங்களை மேஜைமேல் வைத்தார். அட்டையின் பின்னால் என் ஸ்டூடியோ முத்திரையைப் பார்த்து, மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார். மூன்றிலும் ஒரே கோட்டு, ஒரே மசிக்கறை, பின்னால் ஒரே பங்களா மாடிப்படி. ஒன்றில் முனுசாமி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். இன்னொன்றில் எப்போதோ வந்துபோன வாடிக்கைக்காரன் ஒருவன். மூன்றாவது ஆள் சாட்சாத் நானேதான். கப்பல் கம்பெனி மேனேஜர் என்று தரகர் அளந்துவிட்டிருந்தாராம். எதிரில் ஓட்டைப் பனியனோடு வேர்த்து வழிந்து நின்ற என்னைப் பெரியவருக்கு அடையாளம் தெரியவில்லை. பென்சில் வேலை அப்படி!

"மூணு பேரும் அண்ணன் தம்பிங்களா? பங்களா யாருது?" என்றார்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவுடனே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் முன்னால் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. ஆணியில் தொங்கிய கோட்டைக் காட்டினேன். மாடிப்படி வரைந்த திரையைக் கயிற்றை இழுத்து மூங்கிலோடு சுருட்டியும் காட்டினேன். மூன்றாவது ஆள் யார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். பெரியவர் தலையில் கை வைத்தார்.

"இன்னாபா, இருந்த ஒரு வூட்டையும் சுருட்டி வச்சிட்டியே!"

மூன்றாவது ஆள்

வந்ததுதான் வந்தோம் என்று மகளை ஒரு படம் எடுக்கச் சொன்னார். பெயர் ராஜாத்தி, தீப்பெட்டி கம்பெனியில் வேலை. வழக்கப்படி ஸ்டூடியோவின் பொம்மை டெலிபோனை அவள் கையில் கொடுத்தேன். "ஒயரே காணோம், யாராண்ட பேசுறது?" என்று திருப்பித் தந்துவிட்டு, முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு உட்கார்ந்தாள்.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். கேமரா கண்ணாடியில் எல்லோரும் தலைகீழாகத்தான் தெரிவார்கள். அவள் அப்படியும் அழகாக இருந்தாள். மேனேஜர் நான்தான் என்று சொன்னால் புளுகன் என்பாள், சொல்லாவிட்டால் போய்விடுவாள். துணிக்குள் இருப்பவனுக்குக் காது கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, அப்பாவிடம் சொன்னாள்:

"நைனா, அந்த மூணாவது ஆளு வாணாம், முழியே சரியில்ல. இந்தத் துணிக்குள்ள கீறாரே, உள்ளத உள்ளபடி சொன்னாரே, அவருக்குக் கண்ணாலம் ஆயிடுச்சான்னு கேளு."

கோட்டுப் போட்ட என்னைத் தள்ளிவிட்டுப் பனியன் போட்ட என்னைக் கட்டிக்கொண்டவள், இன்றைக்கும் நான் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வாயைத் திறந்தால் போதும், "வந்துட்டாருபா மூணாவது ஆளு" என்கிறாள்.