யார் கையில் கொடுத்தேன் என் மகளை?

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. எங்கள் வீடு வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில். நானும் கணவரும் ஒரகடத்தில் வேறு வேறு கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். ஷிப்ட் மாறி மாறி வருவதால் இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். அதனாலேயே மகளுக்கு மூன்று வயது முடிந்தும் முதல் மொட்டை தள்ளிக்கொண்டே போனது. பக்கத்திலேயே முருகன் இருக்கிறாரே, இங்கேயே போட்டுவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் குடும்பத்தில் முதல் முடி மலைக்கோயிலில்தான் கொடுக்க வேண்டுமாம். சரி என்று விடியற்காலையில் வேன் பிடித்துக் கிளம்பினோம்.

அடிவாரத்திலேயே வண்டி நகரவில்லை. அவ்வளவு கூட்டம். மொட்டை அடிக்கும்போது மகள் அழுது தீர்த்துவிட்டாள். குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் கவுன் போட்டுவிட்டேன். எனக்கே யார் வீட்டுப் பிள்ளையோ போல இருந்தாள். அத்தைக்கு முட்டி வலி. "நீ பாப்பாவ கூட்டிக்கினு போய் சாமி பார்த்துட்டு வா. நான் அம்மாகூட இருக்கேன்" என்று கணவர் கீழே மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று என் போனையும் அவர் பையிலேயே போட்டுவிட்டேன்.

படிகளில் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி கட்டி வரிசை விட்டிருந்தார்கள். பாதி மலை வரை சிரமம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் வரிசை நின்றது. மேலே கதவை மூடிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். கீழே இருப்பவர்களுக்கு அது தெரியவில்லை; அவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் முதுகில் லேசாக ஒரு அழுத்தம். பிறகு கையை அசைக்க முடியவில்லை. என் முன்னால் இருந்தவருடைய ஈரச் சட்டை என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் என் கால் படியில் இல்லை என்று உணர்ந்தேன். கூட்டம்தான் என்னைத் தூக்கி வைத்திருந்தது.

இடுப்பில் இருந்த மகள் அழுதுகொண்டிருந்தாள். திடீரென்று அழுகை நின்றது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. எனக்கும் கம்பிக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பாறை இருந்தது. தலை சுற்றி வெளியே ஏறிக் குதித்த ஒன்றிரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா கம்பியின் மேல் கையை நீட்டினார். "பிள்ளையைத் தா தாயி, பிள்ளையைத் தா" என்றார். நான் யோசிக்கவில்லை. எப்படி என் கை மேலே வந்தது என்றும் தெரியவில்லை. தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நொடி மேலே கதவைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இழுத்துப் போவது போலக் கூட்டம் என்னை இழுத்துப் போனது. திரும்பிப் பார்த்தேன். தலைகள்தான் தெரிந்தன. அந்தத் திருப்பம் மறைந்துவிட்டது.

சன்னிதி எப்போது வந்தது, எப்போது தாண்டினேன் என்று இன்றுவரை சொல்ல முடியாது. எல்லோரும் அரோகரா என்றார்கள். நான் பின்னால் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். வந்த வழியாகத் திரும்ப முடியாது, வெளியே போகும் பாதை மலையின் மறுபக்கம். செருப்பில்லாத காலோடு ஓடினேன்.

கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"பாப்பா எங்க?"

"ஒருத்தங்ககிட்ட குடுத்தேன்."

"யார்கிட்ட? இன்னா சொல்ற நீ? ஆளு எப்டி இருந்தாங்க?"

அப்போதுதான் எனக்கு உயிர் போனது. எப்படி இருந்தார்? மொட்டைத் தலை. சந்தனம். மஞ்சள் புடவை. நான் சுற்றிப் பார்த்தேன். அந்த மண்டபம் முழுக்க மொட்டைத் தலை, சந்தனம், மஞ்சள் புடவை. முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், வரவில்லை. நீட்டிய கை மட்டும்தான் தெரிகிறது.

போலீஸ் உதவி மையத்தில் இருந்த பெண் காவலர் போட்டோ கேட்டார். கணவர் போனை நீட்டினார். எல்லாப் படத்திலும் மகள் ரெட்டைக் குடுமியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "இப்ப மொட்டையா?" என்று கேட்டுவிட்டு அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். மைக்கில் அறிவித்தார்கள். மேளச் சத்தத்தில் அது யார் காதில் விழுந்திருக்கும்? எந்தக் குழந்தை அழுதாலும் ஓடினேன். ஒரு பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அது வேறு யாரோ. அதன் அம்மா என்னைத் திட்டினார்.

அத்தை தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நான் உள்ளுக்குள் அந்த அம்மாவைச் சபித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிடிக்கிறவளாக இருப்பாள், அதற்காகத்தான் அங்கே நின்றிருப்பாள், இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள் என்றெல்லாம் தோன்றியது. பஸ் நிலையத்தைப் பார்க்கக் கணவரை ஓடச் சொன்னேன்.

அந்தப் பெண் காவலர்தான் என் கையைப் பிடித்தார். "எங்க குடுத்தீங்களோ, அந்த எடத்த காட்டுங்க" என்று, பணியாளர்கள் போகும் பக்கவாட்டுப் படி வழியாக அழைத்துப் போனார். அங்கே இருக்க மாட்டார்கள் என்று மனம் அடித்துச் சொன்னது.

அதே பாறை. உச்சி வெயில். அந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமேல் வெயில் படாமல் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். அவருடைய மொட்டைத் தலை வெறுமையாக வெயிலில் இருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"வந்துட்டியா" என்றார். "எந்திச்சுப் போனா நீ எங்கன போயித் தேடுவ? அதான் அசையல. பிள்ளைக்குத் தலை சுடும்லா."

மகளை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பெண் காவலர்தான் அவரிடம் பேசினார். திருநெல்வேலிப் பக்கமாம். ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்யும் மகனைப் பார்க்க வந்தவர். மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மொட்டை. மகன் குடும்பம் கூட்டத்தோடு மேலே போய்விட்டது, அவர் இன்னும் சாமி பார்க்கவில்லை. நடை சாத்தும் மணி அடித்தது அப்போதுதான்.

"நான் சாயங்காலம் நின்னுக்கிடுதேன். நீ பிள்ளைக்குத் தண்ணி குடு, போ" என்று புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மரத்துப்போன காலை ஊன்ற முடியாமல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். காவலர் கை கொடுத்து இறக்கிவிட்டார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மகளுக்கு முடி வளர்ந்துவிட்டது. அவளுக்கு அந்த நாளைப் பற்றி ஒன்றும் நினைவில்லை. எனக்குத்தான் கம்பெனி பஸ்ஸில் ஏறக் கொஞ்சம் தள்ளுமுள்ளு என்றாலும் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அந்த நெரிசலைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று: பிள்ளை பிடிக்கிறவள் என்று நான் மனதாரச் சபித்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும், அந்த அம்மா நான் வருவேன் என்று நம்பி வெயிலில் உட்கார்ந்திருந்தார்.