குட்டையாகிப்போன அறுபத்தொரு பிள்ளைகள்

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. குழந்தைகள் மருத்துவமனை, பதிவேட்டுப் பிரிவு. பிள்ளைகள்: 2,316. உயர அளவுகள்: 9,048. முந்தைய அளவைவிடக் குறைந்தவை: 61.

பதிவுகளைச் சரிபார்ப்பவருக்கு வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது ஆண்டுப் பணி. எல்லோரும் வைத்த பெயர் ‘சல்லடை’. வீட்டு டப்பாக்களில்கூட வாங்கிய தேதியை எழுதி ஒட்டுபவர். “என் முதுகுலதான் இன்னும் ஒட்டல” என்பார் கணவர்.

“வளர்ற பிள்ளை குட்டையாகுமா? டைப் பண்றப்ப வந்த தப்பு. அறுபத்தொண்ணையும் தூக்கிடுங்கம்மா” என்றார் டாக்டர்.

சல்லடைக்கு மனம் ஒப்பவில்லை. கை தவறினால் பிழை கண்டபடி சிதறும். இவையோ எல்லாமே செப்டம்பர் 7 முதல் இரண்டாம் அறையில் அளந்தவை. ஒன்றுகூட மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறையவில்லை. அப்படி அந்த அறையில் என்னதான் இருக்கிறது?

அங்கே நர்ஸ் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆறு வயது மகள் ஜூனிலும் 112, நவம்பரிலும் 112. வளர்ச்சி நின்றுவிட்டதோ என்று வியாழக்கிழமை பரிசோதனை.

“ஒரே நாள்ல ஆறு தடவ ரத்தம் எடுப்பாங்களாம்க்கா. ஊசின்னாலே கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குவா.”

“முதல்ல என்னை அள.”

“இந்த வயசுல வளரப் போறீங்களாக்கா?”

சல்லடை செருப்பைக் கழற்றிவிட்டு, அளவுகோல் அடித்த சுவரோடு ஒட்டி நின்றார். இருபது வயதிலிருந்து அவர் உயரம் 158.

“நூத்தி அம்பத்தஞ்சு. அய்யய்யோ, சுருங்கிட்டீங்க!”

சல்லடை குனிந்து சுவரின் அடியைப் பார்த்தார். செப்டம்பரில் வர்ணம் பூசியவர்கள், தரையோரமாக மின்கம்பி ஓட ஒரு பிளாஸ்டிக் பட்டையும் பொருத்தியிருந்தார்கள். கழற்றிய அளவுகோலைத் தரையில் ஊன்றாமல் அதன் தலைமேல் நிறுத்தி ஆணியடித்துவிட்டார்கள். பட்டையின் உயரம் மூன்று சென்டிமீட்டர்.

“அப்போ என் பொண்ணு?”

“அவ பாட்டுக்கு வளந்துட்டுதான் இருக்கா. சுவருதான் முழுங்கிடுச்சு.”

மாலையில், பள்ளி விட்டு வந்தவளைத் தரையிலிருந்தே நாடா பிடித்து அளந்தார்கள்: 115.2. டாக்டர் வியாழக்கிழமைச் சீட்டைக் கிழித்துப்போட்டார்.

அறுபத்தொன்றை நீக்கியிருந்தாலும் அவளுடைய 112 அப்படியேதான் கிடந்திருக்கும், அது குறையவில்லையே. ஆகவே சல்லடை எதையும் நீக்கவில்லை. செப்டம்பர் 7 முதல் அந்த அறையில் அளந்த ஒவ்வொன்றோடும் மூன்றைக் கூட்டி, காரணத்தையும் பக்கத்தில் குறித்தார்.

திருத்திய பதிவுகள்: 388.