மனு அறையின் ஜன்னல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் வேலை பார்த்த கோதண்டத்துக்குக் கைவேலை சுத்தம், கோபம் அதிகம். வேலையிடத்துச் சண்டையில் கூட வேலை செய்தவரை இரும்புக் குழாயால் அடித்தார். அவர் இறந்துபோனார். கோதண்டம் சிறைக்குப் போனபோது மகள் ஸ்வாதிக்கு நான்கு வயது.

பல வருஷம் கழித்து, குமணன்சாவடியில் குடியிருக்கும் ரேகா என்ற வடிவமைப்பாளர் சிறையில் வாரம் ஒரு வகுப்பு நடத்த அனுமதி வாங்கினார். கைதிகளைப் பார்க்கக் குடும்பத்தார் வரும் மனு அறையை மாற்றிக் கட்டுவதாக ஏற்பாடு. கைதிகள், காவலர்கள், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

முதல் வகுப்பிலேயே கோதண்டம் இரும்பு பெஞ்சு ஒன்றை வரைந்து நீட்டினார்.

“யாரைக் கேட்டு வரைஞ்சீங்க?” என்றார் ரேகா.

“கேக்க இன்னா கீது மேடம்? குந்தறதுக்குத்தானே.”

“உங்க வீட்டம்மாவ ஒரு தடவை கேட்டுட்டு வாங்க.”

அடுத்த முறை மனு போட்டு அவரைப் பார்க்க மனைவி பூங்காவனம் வந்தபோது, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

“பெஞ்சு கெடக்கட்டும். இந்த ஜன்னலு ஒசரத்துல கீது. சின்னதுல ஸ்வாதிய தூக்கித் தூக்கிக் காட்டுவேன். அப்பவும் அதுக்குக் கம்பிதான் தெரியும், உன் மொகம் தெரியாது. அழுதுகினே ஊட்டுக்கு வரும். அப்புறம் வரமாட்டேன்னுடுச்சு.”

ஸ்வாதி பள்ளிக்கூடம் இருப்பதால் வருவதில்லை என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

“ஏன் சொல்லல?”

“நீ எப்போ கேட்ட?”

மறுவாரம் வகுப்பில் அவர் பெஞ்சுப் படத்தைக் கிழித்துப் போட்டார். எல்லோருமாக அட்டையில் ஜன்னல் மாதிரி செய்து பார்த்தார்கள். குழந்தைகள் ஏறி நிற்க ஒரு படி வைக்கலாம் என்றார் ஒரு காவலர். தாழ்ந்த ஜன்னலுக்குக் கோதண்டமே சட்டம் பற்றவைத்தார், முனைகள் பிஞ்சுக் கைகளைக் கிழிக்காதபடி தேய்த்து மழுக்கினார். திறந்த அன்று யார் யார் வீட்டுக் குழந்தைகளோ படியில் ஏறி அப்பாக்களிடம் கதை பேசின. ஸ்வாதி வரவில்லை. அவளுக்கு அந்தப் படி தேவைப்படும் வயதும் தாண்டியிருந்தது.

கோதண்டம் விடுதலையாகி வேப்பம்பட்டு வீட்டுக்கு வந்தார். நசரத்பேட்டையில் கேட் செய்யும் பட்டறையில் வேலை கிடைத்தது. நர்சிங் படிக்கும் ஸ்வாதி, அம்மாவை ‘நீ’ என்பாள். அவரை ‘நீங்க’ என்றாள். ஒருநாள் அவர் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பேசினார்.

“நான் இன்னா பண்ணா உனக்கு நல்லாருக்கும், ஸ்வாதி?”

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“ஒண்ணும் பண்ண வேணாம். கொஞ்ச நாளு எதுவும் கேக்காதீங்க.”

“சரிம்மா” என்றார்.

காலையில் அவள் ரயிலுக்குக் கிளம்பும்போது வாசல்வரை வருவார். ஸ்டேஷன் வரைக்கும் கூட வரட்டுமா என்று நாக்குநுனி வரை வரும். தெருமுனையில் அவள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.