ஞானம்மா அக்காவின் தலைமுடி

இன்று மகள் என் தலையில் தேங்காயெண்ணெய் வைத்துவிட்டாள். எனக்கு அது இன்றைக்கும் சாவு வீட்டு வாசந்தான்.

எங்கள் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு இருந்த காலம். இப்போது கல்யாண மண்டபம் நிற்கிற இடத்தில்தான் ரேந்தைக் கூடம் இருந்தது. அங்கே அம்மாவும் மற்றப் பெண்களும் ரேந்தை என்று நாங்கள் சொல்கிற, சீமைக்குப் போகிற லேஸை, தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகள் மழைபோல ஓயாமல் சடசடக்கப் பின்னுவார்கள். வெள்ளை நூலில் கறை படக்கூடாதென்று வேலைநாளில் ஒருத்தியும் தலைக்கு எண்ணெய் தொடக்கூடாது என்பதால், காய்ந்து செம்பட்டையான முடியை வைத்தே ரேந்தைக்காரிகளை ஊர் அடையாளம் கண்டுவிடும். எல்லோருக்கும் திராட்சைக்கொடி பின்னச் சொல்லிக்கொடுத்தவள் ஞானம்மா அக்கா.

காய்ச்சலில் அவள் செத்தபோது, சவப்பெட்டிமேல் விரிக்க அவளே பின்னிய ஒரு ரேந்தைத் துண்டைக் கேட்டு அம்மா கூடத்துக்குப் போனாள்.

"அது ஆர்டர் சாமானாக்கும். மண்ணுல போட்டு மூடவா?" என்றாள் கூடத்து மேற்பார்வைக்காரி.

அம்மா சாவு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். "எண்ணெ எடுத்துட்டு வாங்கட்டி" என்று மட்டும் சொன்னாள்.

அக்காவின் முடியில் பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள். அது நெற்றியிலும் காதிலும் வழிந்து பாயை நனைத்தது. யாரும் துடைக்கவில்லை.

கூடத்தில் அக்காவின் ரேந்தைத் தலையணையில் பாதியில் நின்ற கொடியை மறுநாள் அம்மாதான் பின்னி முடித்தாள், எண்ணெய் போக மூன்றுதரம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு.